அயலார் சொல்லும் நம் சட்டமும்



மாசி மாதம் வந்துவிட்டால் பாலக்காட்டுச் சீமையிலுள்ள நம் சித்தூர் போர்க்கோலம் பூண்டுவிடும். பகவதி கோயிலின் கொங்கன் படைத் திருவிழா அப்போதுதான் நடைபெறும். முன்னொரு காலத்தில் கொங்கு நாட்டிலிருந்து கணவாய் வழியே படையொன்று வந்ததென்றும், அம்மையே முன்னின்று அதனை முறியடித்தாள் என்றும் ஊரார் கூறுவர். அந்த வெற்றியை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுவதே விழா. அதனைக் காண நிற்கும் கூட்டத்தில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். தோற்றுப்போன கொங்கனின் மொழியைப் பேசுகிறவர்கள்! எனினும் வெடி முழங்கும்போது அவர்களும் சித்தூரின் பக்கமே நின்று ஆரவாரம் செய்வார்கள். நாமும் சிறுவயதில் தந்தையின் தோள்மேல் அமர்ந்து அவ்வாறே செய்திருக்கிறோம். எல்லையில் வாழ்வோரின் மனநிலை அத்தகையது. யார் உள்ளூரார், யார் அயலார் என்ற கேள்வி அங்கே அவ்வளவு எளிதன்று.

அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று பேச வந்தோம். ஆயினும் பேச்சின் பொருள் திருவிழா அன்று, ஒரு சட்டம்.

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ஆம் நாள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றமாக்குமளவில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்புரைத்தது. அன்று மாலை நம் தில்லி வீட்டுக்கு நம் ஊர்க்காரர் ஒருவர் வந்தார். நம்மினும் இளையவர், பெயரும் தொழிலும் இங்கே வேண்டா. தில்லியில் ஒரு நண்பருடன் பல ஆண்டுகளாக ஒரே அறையில் வசித்து வந்தார். அந்நட்பு எத்தகையது என்பதை அவர் சொன்னதில்லை, நாம் கேட்டதுமில்லை. கேளாதிருந்ததைப் பண்பு என்று அந்நாளில் எண்ணியிருந்தோம். அது பண்புதானா, கோழைத்தனமா என்று இப்போது ஐயுறுகிறோம்.

காப்பியைக் குடித்து முடித்துச் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு கேட்டார்: “அண்ணா, இத்தீர்ப்பு நம் நாடு தானாகச் சொன்னதா, வெளிநாட்டார் நிர்ப்பந்தத்தால் சொன்னதா? அப்பாவுக்கு எழுத வேண்டும்.”

அவருடைய தந்தையார் சித்தூரில் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். மகனுடைய வாழ்வை எப்படியோ உணர்ந்துகொண்ட நாள் முதலாக, “இது வெள்ளைக்காரன் ஊர் வழக்கம், அவன் நாட்டுப் பணமும் அவன் நாட்டு மன்றங்களும் இதனை இங்கே புகுத்துகின்றன” என்று எழுதி வந்தார். தொலைபேசியில் பேசினால் குரல் உயர்ந்துவிடும் என்பதால் இருவரும் கடிதமே எழுதிக்கொண்டனர். மகன் நம்மிடம் வந்ததற்குக் காரணம், நாம் மத்திய சர்க்காரில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவர்கள். சட்ட வாசகங்களைத் தமிழில் சொல்லத் தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கையே.

அந்த முதியவரின் கேள்வியை எள்ளி நகையாடுவதற்கில்லை. அயலார் கட்டளையிட நாம் கீழ்ப்படிந்த காலத்தை அறிந்த தலைமுறைக்கு அடுத்தவர் அவர். ஆதலின் அக்கேள்விக்கு முறையாக விடை காண முயன்றோம்.

முதலில், சட்டம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1533-இல், இவ்வுறவுக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் பிறந்தது. மூன்று நூற்றாண்டுகள் சென்றபின் மெக்காலே பிரபு இந்தியாவுக்கென ஒரு தண்டனைச் சட்டத்தை வகுக்க வந்தார். வந்த ஆண்டாகிய 1834-இன் கோடையை அவர் உதகமண்டலத்தில் கழித்தார். நம் சித்தூரின் வடதிசையில், மலைமேல்! 1837-இல் அவருடைய வரைவு முடிந்தது. 1860-இல் அது திருத்தங்களுடன் சட்டமாயிற்று. 1862 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இயற்கை முறைக்கு மாறான உடலுறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்றது 377-ஆம் பிரிவு. இந்தியர் எவரும் வாக்களிக்காத சட்டம் அது.

இதில் சித்தூரின் கதை சற்றுத் தனியானது. மேற்கே பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லா. கிழக்கே பொள்ளாச்சி அம்மாகாணத்தின் கோயம்புத்தூர் ஜில்லா. இடையே சித்தூர் மட்டும் கொச்சி மகாராஜாவின் ஆட்சிக்கு உட்பட்ட தனித்துண்டாக இருந்தது. நம் பாட்டனார் கொச்சிக் குடி. பெயரளவிலேனும் சுதேச மன்னரின் பிரஜை. அப்படியிருந்தும் சட்டம் எல்லையில் நிற்கவில்லை. கொச்சியும் திருவிதாங்கூரும் பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டத்தை அடியொற்றியே தத்தம் தண்டனைச் சட்டங்களை இயற்றிக்கொண்டன. நாடு விடுதலை பெற்று, இரு சமஸ்தானங்களும் 1949-இல் ஒன்றானபின், 1951-இல் இந்தியத் தண்டனைச் சட்டமே நேராகத் திருவிதாங்கூர்–கொச்சிக்கு விரிந்தது. படையெடுத்து வந்த கொங்கனை விரட்டியதாக ஆண்டுதோறும் விழா எடுக்கும் ஊர், காகிதமாக வந்ததை ஏனென்று கேளாமல் ஏற்றுக்கொண்டது. பிறகு அதையே நமது பழம்பெரும் ஒழுக்கம் என்றும் சொல்லத் தொடங்கினோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். நம் முன்னோர் எல்லாரும் இத்தகைய அன்பைப் போற்றினர், வெள்ளையரே வந்து கெடுத்தனர் என்று கூற நாம் துணியோம். ஏளனமும் வெறுப்பும் இங்கேயும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் ஊரார் ஏளனம் வேறு, போலீசாரின் கைவிலங்கு வேறு. இரண்டாவதைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் யார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. கொண்டுவந்த இங்கிலாந்தே 1967-இல் தன் நாட்டில், வரம்புகளுடன், அதனைக் கைவிட்டது. 2018 ஏப்ரலில் அந்நாட்டுப் பிரதமர் தெரசா மே, காமன்வெல்த் நாடுகளில் அத்தகைய சட்டங்களை நிலைநாட்டியதற்காகத் தம் நாடு வருந்துவதாகக் கூறினார். விதைத்தவர் வருந்தியபோதும் விளைந்த முள் நம் வயலில்தான் நின்றது.

இனி, அதனை நீக்கும் முயற்சி யாருடையது? 1994-இல் தில்லித் திகார்ச் சிறையில் எயிட்ஸ் நோய் பரவாதிருக்கக் கைதிகளுக்கு ஆணுறை கொடுக்கலாமா என்ற விவாதம் எழுந்தது. கொடுத்தால் 377-ஆம் பிரிவின்படி குற்றத்துக்குத் துணைபோனதாகும் என்றனர். அப்போது ஒரு சிறு இந்தியக் குழுவினர் தில்லி உயர்நீதிமன்றத்தில் அப்பிரிவை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2001-இல் நாஸ் அறக்கட்டளை மீண்டும் வழக்கிட்டது. ஆக, நம் நாட்டுச் சிறைக்கொட்டடியிலும் நம் நாட்டு நோயாளிகளின் படுக்கையருகிலும் எழுந்த வழக்கே இது.

சர்க்கார் அப்போது இரண்டு குரலில் பேசியது. உள்துறை அமைச்சகம் சட்டம் வேண்டும் என்றது. சுகாதார அமைச்சகம், நோய்த்தடுப்புக்கு இது இடையூறு என்றது. அன்றைய சுகாதார அமைச்சர் நம் தமிழர் அன்புமணி ராமதாஸ். இப்பிரிவு நீங்கவேண்டும் என்று 2008-இல் வெளிப்படையாகவே பேசினார். 2009 ஜூலை 2-ஆம் நாள் நீதிபதிகள் அஜித் பிரகாஷ் ஷாவும் முரளிதரும் அப்பிரிவின் கடுமையைக் குறைத்துத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பின் இறுதிப் பகுதியில் அவர்கள் எடுத்துக்காட்டியது எந்த அயல்நாட்டுச் சாசனத்தையும் அன்று; 1946 டிசம்பரில் ஜவாஹர்லால் நேரு அரசியல் நிர்ணய சபையில் கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானத்தையே.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2013 டிசம்பர் 11-இல், உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பைத் தள்ளினார்கள். அவர்கள் கூறிய காரணங்களுள் நம் பேச்சுக்கு உரியது ஒன்று. அயல்நாட்டுத் தீர்ப்புகள் அறிவு புகட்டலாம். ஆனால் இந்தியச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை அளக்க அவற்றைக் கண்மூடிப் பயன்படுத்தலாகாது என்றார்கள். பொதுவாகப் பார்த்தால் இது நல்ல கருத்தே. ஆனால் அது பொருத்தப்பட்ட இடத்தைப் பாருங்கள். அயலார் எழுதிய சட்டம் நம்முடையதாம். அதனைத் திருத்தச் சொல்லும் வாதம் மட்டும் அயலாருடையதாம்!

மறுநாளே வெளியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. இந்தத் தீர்ப்பு பின்னோக்கிய அடி என்றும், இந்தியா ஏற்ற சர்வதேச உடன்படிக்கைக்கு மாறானது என்றும் ஐக்கிய நாட்டு மன்றத்தின் மனித உரிமை ஆணையர் கூறினார். அவர் பெயர் நவி பிள்ளை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் பிறந்தவர். நம்மைப்போலவே வேற்றூருக்குப் பிழைக்கச் சென்ற தமிழ்க் குடும்பத்தின் வழிவந்தவர். அவரை அயலார் என்பதா, நம்மவர் என்பதா? சித்தூரார் இதற்கு எளிதில் விடை சொல்லமாட்டார்கள்.

ஆணையர் அப்படிச் சொல்லலாமா என்று பலர் சினந்தனர். குடியுரிமை, அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979-இல் சேர்ந்தது. எவரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை, நாமே கையொப்பமிட்டோம். 1994-இல் அந்த உடன்படிக்கையின் குழு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனிய மாநிலத்துச் சட்டமொன்றை ஆராய்ந்து, இத்தகைய தண்டனை உடன்படிக்கைக்கு ஒவ்வாதது என்று கருத்துரைத்திருந்தது. நாம் ஏற்ற ஒன்றைப்பற்றி நம்மிடம் கேட்பது தலையீடாகுமா?

சித்தூர் உழவரிடம் கேட்டால் சொல்வார். ஆழியாற்று நீர் மணக்கடவு அணை வழியேதான் சித்தூர்ப் புழைக்கு வருகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்பாட்டின்படி தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர், அதாவது 725 கோடி கனஅடி, அங்கே விடவேண்டும். வரத்துக் குறைந்தால் சித்தூர்ப் பக்கத்திலிருந்து மனுக்கள் பறக்கும், மறியலும் நடக்கும். பொள்ளாச்சிக்காரர் அதற்காக வருத்தப்படலாம், வாதாடலாம். ‘எங்கள் ஆற்றைப்பற்றிப் பேச நீ யார்’ என்று மட்டும் கேட்க முடியாது. கையெழுத்துப் போட்டாயிற்று. இதில் எவருடைய மானமும் போய்விடவில்லை.

இறையாண்மை என்ற சொல் சில வேளைகளில் வினோதமான இடங்களிலும் எடுத்தாளப்படுகிறது. 2015 மார்ச்சில் ஐக்கிய நாட்டு மன்றம் தன் ஊழியரின் ஒருபால் இணையருக்கும் குடும்பச் சலுகைகளை வழங்க முன்வந்தபோது, அதனைத் தடுக்க ருஷ்யா ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. இந்தியா அத்தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. ஆதரவு 43, எதிர்ப்பு 80, தீர்மானம் தோற்றது. நியூயார்க்கில் பணிபுரியும் யாரோ ஒரு ஊழியரின் குடும்பப் படி நம் நாட்டின் இறையாண்மையை எவ்வாறு குறைக்கும் என்பது இன்றளவும் நமக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சில வாசகங்கள் விளங்காமலிருப்பது புதிதன்று.

இனி மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இல்லாவிடில் அந்த ஆசிரியப் பெருமகனுக்கு நாம் நேர்மையாக விடையளித்தவர்கள் ஆகமாட்டோம். வல்லரசுகளின் நிர்ப்பந்தம் என்பது கற்பனை அன்று. 2011-இல் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன், இவ்வகைச் சட்டங்களை வைத்திருக்கும் நாடுகளுக்குத் தரும் உதவிப் பணத்தைக் குறைக்கலாம் என்றார். அதனை முதலில் எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? ஆப்பிரிக்காவில் இதே உரிமைகளுக்காகப் போராடிவந்த தொண்டர்கள். உதவி நின்றால் மருத்துவமனையில் மருந்து நிற்கும். பழி எங்கள் தலையில் விழும். நாங்கள் அயலாரின் கைக்கூலிகள் என்ற அவதூறு உறுதிப்படும் என்று கூட்டறிக்கை விடுத்தனர். உகாண்டாவில் அப்படியே நடந்தது. 2014-இல் கடுஞ்சட்டம் வந்தது. உலக வங்கி ஒரு கடனை நிறுத்திவைத்தது. அவ்வாண்டே அந்நாட்டு நீதிமன்றம், உறுப்பினர் எண்ணிக்கை போதவில்லை என்று சட்டத்தைத் தள்ளியது. 2023-இல் அதனினும் கொடிய சட்டம், சில செயல்களுக்கு மரண தண்டனையுடன், வந்தது. வங்கி மீண்டும் புதுக்கடன்களை நிறுத்தியது. அமைச்சர்கள் மேடையேறி அயலார்க்குப் பணியோம் என்று முழங்கினர். பணப்பையைக் காட்டிச் சொல்லும் நியாயம், நியாயமாகவே இருந்தாலும் கேட்பவர் செவியில் ஏறுவதில்லை. கடன்பட்டவனின் ரோஷத்தை நாம் அறிவோம்.

இந்தியாவின் நிலை அதுவன்று. எந்தக் கடனையும் நிறுத்துவோம் என்று எவரும் மிரட்டியதால் இங்கே சட்டம் மாறவில்லை. 2013-க்குப் பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். 2014-இல் திருநரின் உரிமைகளை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஆதார் தொடர்பான வழக்கில் முடிவு செய்தபோது, 2013-இன் தீர்ப்பில் கண்ட வாதம் தவறு என்றும் குறித்தனர். இதனிடையே பாதிக்கப்பட்டவர்கள் தம் பெயரையே வழக்கின் தலைப்பில் எழுத முன்வந்தனர். முதல் மனுதாரர் நவ்தேஜ் சிங் ஜோஹர். பஞ்சாபியர், சீக்கியர், பரதநாட்டியக் கலைஞர், சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் பயின்றவர். அவருக்கு முன்னரே, எங்கள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்காதீர்கள் என்று பெற்றோர் சிலர் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்திருந்தனர். அவர்களும் இந்நாட்டுத் தாய் தந்தையரே. 2018 ஜூலையில் விசாரணை நடந்தபோது, வயது வந்தோர் மனமொத்த உறவைப் பொறுத்தமட்டில் முடிவை நீதிமன்றத்துக்கே விட்டுவிடுவதாக மத்திய சர்க்கார் கூறிற்று. ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அவர்களுள் ஒருவராகிய இந்து மல்கோத்ரா, இம்மக்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டது என்ற கருத்தை எழுதினார்.

அயல்நாட்டுத் தீர்ப்புகள் அதில் எடுத்தாளப்பட்டன, உண்மைதான். ஆனால் 2019-இல் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா உயர்நீதிமன்றம் இத்தகைய சட்டத்தைத் தள்ளியபோது, நம் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை எடுத்துக்காட்டிற்று. அப்போது நாம் அவர்களை நிர்ப்பந்தித்தோம் என்று பொருளா? கிணற்றுக்குக் கிணறு ஊற்று வேறு. நிலத்தடி நீர் ஒன்றே.

கடலுக்கு அப்பால் இலங்கையிலோ 1883-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 365, 365-அ பிரிவுகள் பெண்களையும் விட்டபாடில்லை. 1995-இல் செய்த திருத்தத்தால் அவர்களும் உள்ளே வந்தனர். அப்பிரிவுகளை நீக்கும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என்று 2023 மே மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியும் மசோதா நிறைவேறவில்லை. அங்கேயும் மேடைகளில் அதே பேச்சு. இது மேனாட்டார் சதி என்று. அச்சட்டத்தை எழுதிய நாடு எது என்பதை ஒருவரும் வினவுவதில்லை.

நம் தொழிலைப்பற்றி ஒரு வார்த்தை. நாம் வேலையில் சேர்ந்த நாளில் இப்பொருளுக்கு நம்மிடமிருந்த சொற்களெல்லாம் வசைச் சொற்களாகவோ நோயின் பெயர்களாகவோ இருந்தன. ‘இயற்கைக்கு மாறான’ என்று எழுதும்போது பேனா நிற்கும். யாருடைய இயற்கை? ஓர் இளைஞன் தன்னுள் காணும் இயல்பு அவனுக்கு இயற்கையன்றி வேறு என்ன? 2021-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இரு இளம்பெண்கள் பாதுகாப்புக் கோரிய வழக்கில், இவர்களை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் சிகிச்சைகளைத் தடுக்க ஆணையிட்டார். இப்பொருளில் தமக்கே தெளிவு போதவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளநூல் வல்லாரிடம் சென்று அறிந்துவந்து அவர் எழுதியதை நாம் மரியாதையோடு நினைக்கிறோம். அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாட்டு அரசு கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு என்று இன்று கூசாமல் எழுதுகிறோம். இதற்கு ஐக்கிய நாட்டு மன்றம் நிதி ஒதுக்கவில்லை.

எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணவேண்டா. 2023 அக்டோபர் 17-இல், இவர்கள் திருமணத்தை ஏற்பது சட்டமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-க்கு ஈடான பிரிவே இல்லை. மெக்காலேயின் வாசகம் ஒருவழியாக ஏட்டிலிருந்தே போயிற்று. ஆனால் களையோடு பயிரும் போனதுபோல, ஆண் ஒருவன் மீது வன்முறை நிகழ்ந்தால் எந்தப் பிரிவில் வழக்கிடுவது என்ற வினா இப்போது எஞ்சியுள்ளது. அதனையும் நாமே தீர்த்துக்கொள்ளவேண்டும்.

அன்று மாலை இத்தனையும் நமக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. பின்னால் நிகழ்ந்தவை அன்று நிகழ்ந்திருக்கவுமில்லை. இரவு பத்து மணிவரை இருவரும் அமர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். சட்டம் வந்த வழியை எழுதினோம். கொச்சி ராஜ்யத்தை எழுதினோம். மணக்கடவுத் தண்ணீரையும் எழுதினோம். அரசியலமைப்பு ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தொடங்குவதைச் சுட்டி, அந்த ‘நாம்’ என்பதில் உங்கள் மகனும் உண்டா இல்லையா என்று கேட்டு ஒரு வாக்கியம் எழுதினோம். நண்பர் அதனை அடித்துவிட்டார். “அப்பாவிடம் இப்படிக் கேட்க எனக்கு உரிமையில்லை அண்ணா, அவரே கேட்டுக்கொள்ளட்டும்” என்றார்.

நான்கு மாதம் வரை பதில் வரவில்லை. பொங்கலையொட்டி ஓர் உள்நாட்டுக் கடிதம் வந்தது. நண்பர் அதனைக் கொண்டுவந்து காட்டினார். ஆற்றில் நீர் வந்த விவரம், இரண்டாம் போக நடவு, தென்னையில் வண்டு விழுந்தது, தாயாரின் முழங்கால் வலி இவையே கடிதம் முழுதும். சட்டத்தைப்பற்றி ஒரு சொல் இல்லை. கடைசி மடிப்பில், இடம் போதாமல் குறுக்காக எழுதியிருந்தார்: ‘உடன் இருப்பவர் சௌக்கியமா? தில்லிக் குளிருக்கு இருவரும் கம்பளி வாங்கிக்கொள்ளவும்.’